பச்சை விளக்கு எதற்குச் சாட்சி?

மாரிக்குப்பத்திலும் சாம்பியனிலும் ஊரிகாமிலும் ரயிலேறி, பெங்களூரில் அளவைக் கருவிகளைச் செய்தும் பொருத்தியும் சோதித்தும் இருட்டிய பிறகு வீடு திரும்பும் கோலார் தங்கவயல் தம்பி தங்கைகளுக்கு,



உங்கள் கை வழியாகத் தினமும் போகிற ஒரு சின்ன முடிவைப் பற்றித்தான் இந்த மடல். வெப்பம், அழுத்தம், அதிர்வு, மின்னழுத்தம் என்று எதையாவது அளக்கும் மாட்யூல் ஒன்று பெட்டிக்குள் போவதற்கு முன்னால், அதன் முகப்பில் இருக்கும் எல்.இ.டி. விளக்குகள் எதைக் காட்ட வேண்டும் என்று யாராவது சொல்லியாக வேண்டும். மென்பொருளில் அதற்கென்று ஒரு பக்கம் இருக்கும். மின்சாரம் வந்ததைக் காட்டு, கணினியோடு தொடர்பு இருப்பதைக் காட்டு, அளவீடு ஓடுவதைக் காட்டு, டிரிகர் கிடைத்ததைக் காட்டு, சேனலில் பழுது இருந்தால் காட்டு, எதையும் காட்டாதே. இவற்றில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் வேலை பெரும்பாலும் கடைசி நாளின் கடைசி மணி நேரத்துக்குத் தள்ளப்படும். நேரமில்லை என்றால் கருவி வந்தபடியே விடப்படும். அப்படி விடப்படும் மாட்யூல்களில் பல, மின்சாரம் வந்த உடனே பச்சையாக எரிந்துவிட்டு, வேறெதற்கும் அசையாமல் நிற்கும்.

அந்தப் பக்கத்துக்கு நீங்கள் நேரம் ஒதுக்க வேண்டும் என்று கேட்கவே எழுதுகிறேன்.

ஒரு அளவு, சென்சாரில் பிறந்து கம்பி, முனை, பெருக்கி, எண்ணாக மாற்றும் சில்லு, பிராசஸர், நெட்வொர்க் என்று பல கை மாறித்தான் திரைக்கு வருகிறது. விளக்கை இந்தச் சங்கிலியின் எந்தக் கண்ணியில் கட்டுகிறீர்களோ அந்தக் கண்ணிக்கு மட்டும்தான் அது சாட்சி. பவர் சப்ளையில் கட்டிய விளக்குக்கு, சென்சார் கம்பி அறுந்தது தெரியாது. நெட்வொர்க்கில் கட்டிய விளக்குக்கு, போகும் எண் ஒரு மணி நேரத்துக்கு முந்தையதா இப்போதையதா என்று தெரியாது. ஆனால் தூரத்திலிருந்து பார்க்கும் ஆளுக்கு இந்தப் பச்சையும் அந்தப் பச்சையும் ஒன்றுதான். பச்சை என்றால் எல்லாம் சரி என்று அவர் எடுத்துக்கொள்வார். அப்படி எடுத்துக்கொள்ள அவருக்கு முழு உரிமை உண்டு. அதற்காகத்தான் விளக்கு வைக்கப்பட்டிருக்கிறது.

இது எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு உலகம் அறிந்த சம்பவம் ஒன்று உண்டு. 1979 மார்ச் 28 அதிகாலை 4 மணி. அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் த்ரீ மைல் ஐலண்ட் அணுமின் நிலையத்தின் இரண்டாவது உலை. தண்ணீர் ஓட்டத்தில் ஏற்பட்ட கோளாறால் உலைக்குள் அழுத்தம் ஏறியது. அழுத்தத்தைத் தணிக்கும் வால்வு திறந்தது. அதுவரை எல்லாம் ஒழுங்காக நடந்தது. அழுத்தம் இறங்கியதும் வால்வை மூடும் கட்டளை போனது. வால்வோ திறந்தபடியே சிக்கிக்கொண்டது. கட்டுப்பாட்டு அறையில் அந்த வால்வுக்கென்று இருந்த விளக்கு அணைந்தது. வால்வு மூடிவிட்டது என்று ஊழியர்கள் நம்பினார்கள்.

அந்த விளக்கு வால்வு எந்த நிலையில் இருக்கிறது என்பதோடு கட்டப்பட்டிருக்கவில்லை. வால்வை இயக்கும் சோலினாய்டுக்கு மின்சாரம் போகிறதா என்பதோடு கட்டப்பட்டிருந்தது. மூடச் சொல்லியாகிவிட்டது என்பதற்கு அது சாட்சி. மூடியதா என்பதற்குச் சாட்சி கிடையாது. 100க்கும் மேற்பட்ட எச்சரிக்கைகள் ஒரே நேரத்தில் அலறிய அறையில், அணைந்த விளக்கு ஒன்றை யார் சந்தேகிப்பார்கள்? 2 மணி நேரத்துக்கும் மேலாக உலையைக் குளிர்விக்க வேண்டிய நீர் அந்த வால்வு வழியே வெளியேறிக்கொண்டிருந்தது. உலைக் கருவில் ஏறக்குறைய பாதி உருகிப்போனது. மனம் கனப்பது இன்னொரு தகவலால். சரியாக ஓராண்டுக்கு முன், 1978 மார்ச்சில், இதே உலையில் இதே வால்வு ஒருமுறை திறந்து நின்றது. அதன் பிறகுதான் இந்த விளக்கையே வைத்தார்கள். பட்டுத் தெளிந்து வைத்த விளக்கையும் எளிதாகக் கிடைத்த கம்பியில் கட்டிவிட்டார்கள்.

அன்றைக்கு அந்த அறையில் இருந்தவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. விளக்கை எங்கே கட்டுவது என்று வெகு முன்னால், வேறொரு மேசையில், வேறொருவர் தீர்மானித்திருக்கிறார். இன்று அந்த மேசையில் நீங்கள் உட்கார்ந்திருக்கிறீர்கள்.

இனி நம் ஊருக்கு வருகிறேன். விளக்கை எதில் கட்ட வேண்டும் என்பதை நம் மண்ணுக்கு அடியில் செய்துகாட்டியவர்கள் இருக்கிறார்கள். கே.ஜி.எஃப். என்றால் தங்கமும், சயனைடு மேடும், அந்தப் பெயரில் வந்த சினிமாவும்தான் என்று வெளியூரில் பேசுவார்கள். அளவைக் கலையின் வரலாற்றிலும் நம் ஊருக்கு ஓர் இடம் உண்டு என்பது நம் பிள்ளைகளுக்கே சரியாகச் சொல்லித்தரப்படவில்லை.

விண்ணிலிருந்து வரும் காஸ்மிக் கதிர்களில் பிறக்கும் மியூவான் துகள்கள் பாறையைத் துளைத்துக்கொண்டு எவ்வளவு ஆழம் வரை வருகின்றன என்று அளக்க, 1951இல் ஹோமி பாபாவின் யோசனைப்படி டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தின் பி.வி. ஸ்ரீகண்டன் நம் சுரங்கத்துக்குள் இறங்கினார். அந்த வேலை அடுத்த பத்தாண்டிலும் தொடர்ந்தது. ஜப்பானிலிருந்து வந்த எஸ். மியாகேயும், வி.எஸ். நரசிம்மமும், பி.வி. ரமணமூர்த்தியும் ஒவ்வொரு மட்டமாக அளந்துகொண்டே கீழே போனார்கள். ஆழம் கூடக்கூட மியூவான்களின் எண்ணிக்கை குறைந்துகொண்டே வந்தது. சுமார் 2,760 மீட்டர் ஆழத்தில் ஏறக்குறைய இரண்டு மாதம் கருவியை ஓடவிட்டார்கள். ஒரு மியூவான்கூடப் பதிவாகவில்லை.

அந்தப் பூச்சியத்தைக் கொஞ்ச நேரம் யோசித்துப் பாருங்கள். செத்துப்போன கருவியும் பூச்சியம்தான் காட்டும். உயிரோடு விழித்திருந்து, வருபவர் யாரும் இல்லாத கருவியும் பூச்சியம்தான் காட்டும். தாளில் இரண்டும் ஒரே மாதிரி இருக்கும். அந்த அறிவியலாளர்களின் பூச்சியத்தை உலகம் ஏற்றுக்கொண்டதற்குக் காரணம், மேல் மட்டங்களில் எண்ணிக்கை எப்படிப் படிப்படியாகக் குறைந்துவந்தது என்ற முழுக் கணக்கும் அவர்கள் கையில் இருந்ததுதான். அந்தப் படிகளின் கடைசியில் பூச்சியம் தன் இடத்தில் வந்து உட்கார்ந்தது. மியூவானின் இரைச்சல் இவ்வளவு அடங்கிய இடம் என்றால், எதிலும் எளிதில் சிக்காத நியூட்ரினோ என்னும் துகளை இங்கேயே தேடலாம் என்ற துணிச்சலும் அதிலிருந்துதான் வந்தது.

தேடினார்கள். டாடா ஆராய்ச்சி நிறுவனம், ஒசாகா நகரப் பல்கலைக்கழகம், இங்கிலாந்தின் டர்ஹாம் பல்கலைக்கழகம் மூன்றும் சேர்ந்தன. எம்.ஜி.கே. மேனன், மியாகே, ஏ.டபிள்யூ. உல்ஃபெண்டேல் ஆகியோர் முன்னின்றார்கள். சாம்பியன் ரீஃப் சுரங்கத்தின் ஹீத்கோட் சாஃப்ட் பக்கம், சுமார் 2.3 கிலோமீட்டர் ஆழத்தில் கருவிகள் நின்றன. நம் தாத்தாக்கள் ஷிஃப்டுக்கு இறங்கிய அதே சுரங்கம். துகள் பட்டால் மினுங்கும் பிளாஸ்டிக் பலகைகள் எதிரெதிராக இரண்டு சுவர்களாக நிற்க, நடுவில் நியான் வாயு அடைத்த கண்ணாடிக் குழாய்கள் வரிசை வரிசையாக இருந்தன. இடையிடையே ஈயத் தகடுகள். சுவர்களைச் செங்குத்தாக நிறுத்தியதற்குக் காரணம் உண்டு. மேலிருந்து வருவது மிஞ்சிய மியூவானாக இருக்கலாம். பக்கவாட்டில் பாறைக்குள்ளிருந்து வருவது நியூட்ரினோ பாறையில் மோதிப் பிறந்த மியூவானாகத்தான் இருக்க முடியும்.

எலக்ட்ரானிக்ஸ் வேலை செய்கிற நீங்கள் கவனிக்க வேண்டியது அந்த நியான் குழாய்கள் எப்போது ஒளிர்ந்தன என்பதை. பாறையிலேயே கதிரியக்கம் இருக்கிறது. அதனால் ஏதாவது ஒரு பலகை தனியாக மினுங்கிக்கொண்டே இருக்கும். அதை நம்பி எதையும் ஏற்றிவைக்கவில்லை. எதிரெதிர்ச் சுவர்கள் ஒரே கணத்தில் ஒரே செய்தியைச் சொன்னால் மட்டுமே குழாய்களுக்கு உயர் மின்னழுத்தத் துடிப்பு போகும். அப்போதுகூட, துகள் கடந்துபோன குழாய்கள்தாம் ஒளிரும். கேமரா அதைப் படமெடுக்கும். நியான் குழாய் சில நேரம் தானாகவும் ஒளிரும்; ஒற்றைக் குழாயின் ஒளியைக் கொண்டு யாரும் எதையும் அறிவிக்க முடியாது. அடுத்தடுத்த வரிசைகளில் ஒரே கோட்டில் ஒளிர்ந்தால்தான் அது தடம். நியூட்ரினோவால் பிறந்த மியூவானின் தடங்களை அப்படித்தான் கண்டார்கள்; 1965 ஆகஸ்டில் அந்த முடிவுகள் 'பிசிக்ஸ் லெட்டர்ஸ்' இதழில் வெளிவந்தன. அதே நேரத்தில் தென்னாப்பிரிக்காவின் தங்கச் சுரங்கம் ஒன்றில் ஃபிரெடெரிக் ரைன்ஸ் குழுவும் கண்டது. காற்று மண்டலத்தில் பிறந்த நியூட்ரினோவை மனிதர்கள் முதன்முதலாகப் பிடித்தது இந்த இரண்டு இடங்களில்தான்.

கண்ணுக்குத் தெரியும் முதல் எல்.இ.டி. செய்யப்பட்டது 1962இல். நம் சுரங்கத்தில் வேலை செய்தது அதற்கு முந்தைய காலத்து விளக்கு. ஆனாலும் ஒரு விளக்கு எரிய எத்தனை நிபந்தனைகள் நிறைவேற வேண்டும் என்று அந்தக் கருவியைக் கட்டியவர்கள் யோசித்த அளவுக்கு, இன்று ஐந்து ரூபாய் எல்.இ.டி.யைக் கட்டும்போது நாம் யோசிப்பதில்லை.

நம் சுரங்கத்தில் கருவிக்கு இன்னொரு முகமும் இருந்தது. 3 கிலோமீட்டருக்கும் கீழே போன மட்டங்களில் பாறை 60 டிகிரிக்கு மேல் கொதித்தது. அழுத்தம் தாங்காமல் வெடித்துச் சிதறியது. 'ஏர் பிளாஸ்ட்' என்று பெரியவர்கள் சொல்லிக் கேட்டிருப்பீர்கள். மேலே வீட்டில் பாத்திரம் குலுங்கும். கீழே ஷிஃப்டில் யார் இருக்கிறார்கள் என்று மனம் கணக்குப் போடும். 1970களின் பிற்பகுதியில் பாபா அணு ஆராய்ச்சி மையத்தின் துணையோடு ஜியோபோன்களைப் பதித்து, எந்த இடத்தில் பாறை முறிகிறது என்று கண்டுபிடிக்க ஆரம்பித்தார்கள். 1988இல் தேசியப் பாறை இயந்திரவியல் நிறுவனம் நம் ஊரிலேயே பிறந்தது. இங்கே கற்ற பாடங்களோடு அணைகளுக்கும் நிலத்தடி மின்நிலையங்களுக்கும் பாறையின் அசைவை அளக்கப் போனது. 2001 பிப்ரவரி 28இல் சுரங்கத்தை மூடினார்கள். தண்ணீர் ஏறிய பிறகும் நிலம் அதிர்வது நிற்கவில்லை. ஒரு ஜியோபோன் சேனல் செத்திருந்தும் அதன் விளக்கு பச்சையாக எரிந்தால், கீழே இருக்கும் மனிதனுக்கு அது என்ன பொருள் தரும் என்பதை உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. நீங்கள் அந்த வீடுகளிலிருந்து வந்தவர்கள்.

சரி, நாளைக்கு வேலையில் என்ன செய்யலாம்?

முதலாவது, 'அளவீடு ஓடுகிறது' என்ற விளக்கைச் சங்கிலியின் கடைசிப் பக்கம் கட்டுங்கள். புதிய அளவு ஒன்று வந்து, அது நம்பத்தகுந்த எல்லைக்குள் இருக்கிறது என்று சோதிக்கப்பட்ட பிறகு, அந்தச் சோதனையே விளக்கைத் தட்ட வேண்டும். நிலையாக எரிவதைவிடத் துடிப்பது நல்லது. ஒவ்வொரு புது அளவுக்கும் நிலை மாறும் விளக்கு, பிராசஸர் உறைந்துபோனால் தானும் உறைந்து நின்று காட்டிக்கொடுக்கும். டைமரை மட்டும் வைத்துத் துடிக்க வைக்காதீர்கள். அந்த டைமர், மற்றதெல்லாம் செத்த பிறகும் துடித்துக்கொண்டே இருக்கும்.

சேனல் விளக்கைப் பற்றி. தொழிற்சாலைகளில் ஓடும் 4 முதல் 20 மில்லி ஆம்பியர் சுற்றில் தொடக்கம் 4 ஆக இருப்பதால் ஒரு பெரிய நன்மை: கம்பி அறுந்தால் 0 வரும், உண்மையான பூச்சியத்தோடு குழம்பாது. நாமுர் அமைப்பின் என்.இ. 43 பரிந்துரைப்படி 3.8 முதல் 20.5 வரைதான் அளவு, 3.6க்குக் கீழேயோ 21க்கு மேலேயோ போனால் பழுது. நம்மூர் பூச்சியத்துக்கு நான் சொன்ன கவலை இங்கே இவ்வளவு எளிமையாகத் தீர்க்கப்பட்டிருக்கிறது. தெர்மோகப்பிளில் இந்த வசதி கிடையாது. அதனால் பல மாட்யூல்கள் மிகச் சிறிய மின்னோட்டத்தைச் செலுத்திக் கம்பி அறுந்திருக்கிறதா என்று பார்க்கும். அந்த வசதி அமைப்புப் பக்கத்தில் அணைத்து வைக்கப்பட்டிருக்கலாம். தேடிப் பார்த்து இயக்குங்கள். சேனல் விளக்கை அதோடு இணையுங்கள்.

வேகமான டிரிகர்களில் வேறொரு சிக்கல். ஒரு மைக்ரோ செகண்ட் துடிப்பை எல்.இ.டி. காட்டினாலும் கண்ணுக்குத் தெரியாது. அதைச் சுமார் 50 முதல் 100 மில்லி செகண்டுக்கு நீட்டித்தான் காட்ட வேண்டும். ஆனால் நொடிக்கு நூறு டிரிகர் வந்தால் நீட்டிய விளக்கு அணையவே அணையாது. சிக்கிக்கொண்ட டிரிகரும் ஓடுகிற டிரிகரும் ஒன்றுபோலத் தெரியும். நூறுக்கு ஒரு முறை மட்டும் துடிக்கும்படி வகுத்துக் கொடுங்கள்.

நிறங்களை உங்கள் விருப்பத்துக்குப் பிரித்துக்கொள்ளாதீர்கள். நாமுரின் என்.இ. 107 நான்கு நிலைகளைச் சொல்கிறது: பழுது என்றால் சிவப்பு, சோதனையில் இருக்கிறது என்றால் ஆரஞ்சு, குறித்த எல்லைக்கு வெளியே ஓடுகிறது என்றால் மஞ்சள், பராமரிப்பு தேவை என்றால் நீலம். நிறத்தோடு அடையாள வடிவங்களும் வேறுவேறு. அது மிக முக்கியம், ஏனென்றால் ஆண்களில் நூற்றில் சிலருக்குச் சிவப்பும் பச்சையும் பிரித்துத் தெரியாது. ஒரே விளக்கு இரு நிறத்தில் மாறும் மாட்யூல் என்றால் பழுதுக்குச் சிமிட்டலையும் சேர்த்துவிடுங்கள். சிமிட்டலிலும் ஊர் வழக்கத்தைப் பாருங்கள். எல்.எக்ஸ்.ஐ. கருவிகளில் பச்சை சிமிட்டினால் 'நீ தேடும் கருவி நான்தான்' என்று பொருள். ஈதர்கேட் மாட்யூலில் பச்சை சிமிட்டினால் அது இன்னும் முழு இயக்கத்துக்கு வரவில்லை என்று பொருள். இரண்டும் ஒரே அலமாரியில் இருந்தால் இரவு ஷிஃப்டில் நிற்கும் ஆளுக்கு எது எது என்று எப்படித் தெரியும்? அலமாரிக் கதவின் உட்பக்கம் ஒரு தாள் ஒட்டுங்கள். அங்கே வேலை செய்கிறவர்கள் படிக்கும் எழுத்தில், தமிழோ கன்னடமோ தெலுங்கோ, ஒவ்வொரு விளக்கும் என்ன சொல்கிறது என்று எழுதுங்கள். இதற்கு எந்த அதிகாரியும் தடை சொல்லிப் பார்த்ததில்லை.

விளக்கே பழுதாகலாம் என்பதையும் மறக்கக் கூடாது. 1972 டிசம்பர் 29இல் ஈஸ்டர்ன் ஏர்லைன்ஸின் 401ஆம் விமானத்தில் முன் சக்கரம் இறங்கியதைக் காட்டும் விளக்கு எரியவில்லை. சக்கரம் இறங்கித்தான் இருந்தது, பல்புதான் போயிருந்தது. விமானிகள் அந்தப் பல்போடு போராடிக்கொண்டிருக்கையில் விமானம் மெல்லத் தாழ்ந்ததை யாரும் கவனிக்கவில்லை. ஃபுளோரிடாவின் சதுப்பு நிலத்தில் விழுந்து 101 பேர் இறந்தார்கள். மின்சாரம் கொடுத்ததும் எல்லா விளக்குகளையும் ஒரு முறை எரித்துக்காட்டும் சோதனை உங்கள் மாட்யூலில் இருந்தால் அதை நேரம் மிச்சப்படுத்த நீக்காதீர்கள்.

எல்லா விளக்கையும் அணைத்து வைக்கும் தேர்வுக்கும் நியாயமான இடம் உண்டு. ஒற்றை ஒளித்துகளை எண்ணும் கருவிக்குப் பக்கத்தில் எல்.இ.டி. எரிந்தால் அந்த ஒளியே அளவைக் கெடுக்கும். மிக நுண்ணிய மின்னழுத்தத்தை அளக்கும்போது, சிமிட்டும் விளக்கின் மின்னோட்டம் தரைக் கம்பி வழியே அளவுக்குள் புகுந்துவிடும். அங்கே அணைத்துத்தான் ஆக வேண்டும். அணைத்தால், அதே செய்தியைத் தூரத்துத் திரையில் காட்டுங்கள். 'விளக்கு வேண்டுமென்றே அணைக்கப்பட்டுள்ளது' என்று முகப்பிலேயே எழுதி ஒட்டுங்கள்.

இவ்வளவும் செய்ய உங்களுக்கு நேரம் தரமாட்டார்கள் என்று தெரியும். மாலை ரயிலைப் பிடிக்கும் அவசரமும் தெரியும். ஆகவே, எதற்கும் நேரமில்லாத நாளில் ஒன்றை மட்டுமாவது செய்யுங்கள். மாட்யூலை மூடுவதற்கு முன், அது ஓடிக்கொண்டிருக்கும்போதே ஒரு சென்சார் கம்பியைக் கழற்றுங்கள். விளக்கைப் பாருங்கள். நெட்வொர்க் கேபிளைப் பிடுங்கிவிட்டு மறுபடி பாருங்கள். இரண்டு முறையும் பச்சை மாறாமல் எரிந்தால், சோதனைத் தாளில் கையெழுத்துப் போடாதீர்கள். ஏன் போடவில்லை என்று யாராவது கேட்டால், அவரையும் கூப்பிட்டு, அவர் கண் முன்னால் இன்னொரு முறை கம்பியைக் கழற்றிக் காட்டுங்கள்.

அன்புடன்,
தங்கவயலில் உங்களுக்கு மூத்தவன் ஒருவன்